நாலு டிராக் போதும்

சினிமாப் பாட்டு கற்றுக்கொள்ள வருகிறவர்களை நான் முதல் நாளே பாடச் சொல்வதில்லை. அவர்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்கவிட்டு, "பல்லவியில் பேஸ் கிட்டார் என்ன வாசித்தது, வாயால் சொல்லு" என்பேன். பெரும்பாலும் பதில் வராது. மெட்டும் வரியும் தலைகீழ்ப் பாடம். அடியில் ஓடும் பேஸ் மட்டும் காதில் விழுந்திருக்காது.

கர்நாடக சங்கீதத்தில் சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறலாம். சினிமாப் பாட்டுக்கு அப்படி ஊரறிந்த பாடமுறை கிடையாது. அது ரெக்கார்டிங்காகவே பிறந்தது. ஸ்வரப்படுத்தி எழுதினாலும் பாதிதான் தாளில் தங்கும். பாடகர் மைக்குக்கு எவ்வளவு நெருங்கி நின்றார், தபலா எந்தக் காதுப்பக்கம் கேட்கிறது, குரலுக்குப் பின்னால் எவ்வளவு எதிரொலி என்பதெல்லாம் பாட்டின் அங்கம்தான். ஆகவே பாட்டை உண்டாக்கிய கருவியைக் கொண்டே பாட்டைச் சொல்லித்தருவது எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்று ஒரு பழைய லேப்டாப்பும் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளும் இருந்தால் டிராக்குகளை அடுக்கிக்கொண்டே போகலாம். நான் நாலோடு நிறுத்திவிடுவேன்: தாளம், பேஸ், கார்ட், குரல். பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் 1967-இல் வெளிவந்தது. அதைப் பதிவுசெய்தது நாலு டிராக் டேப் இயந்திரங்களில். நாலும் நிரம்பிவிட்டால் அவற்றைக் கலந்து, குறைந்த டிராக்குகளாக இன்னொரு டேப்புக்கு மாற்றி, இடம் பிடித்தார்கள். கலந்ததைப் பிரிக்க முடியாது. டிரம்ஸ் ஓங்கி ஒலிக்கட்டுமா, தணிந்து ஒலிக்கட்டுமா என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியை என் வகுப்பில் வேண்டுமென்றே உண்டாக்குகிறேன். ஐந்தாவதாக ஒரு சத்தம் வேண்டுமென்றால், இருக்கிற நாலில் எது போகலாம் என்று மாணவர் சொல்ல வேண்டும்.

முதலில் தாளம். கிளிக் சத்தத்தை நிமிடத்துக்கு 80 அடி என்று வைத்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 750 மில்லிசெகண்ட். அதன்மேல் கைதட்டிப் பதிவுசெய்யச் சொல்வேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தட்டும் கோட்டுக்கு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்று தெரிந்துவிடும். "ஓடுகிறாய், நிதானமாக வா" என்று வாயால் சொன்னால் கோபித்துக்கொள்ளும் பையன், இங்கே தானே பார்த்துத் தலையாட்டுவான்.

ஆனால் ஒரே பட்டனில் எல்லாத் தட்டையும் கோட்டுக்கு இழுத்து வைக்கும் 'குவான்டைஸ்' வசதியைத் தொடவிடமாட்டேன். திஸ்ர நடையில் துள்ளும் டப்பாங்குத்து அடியை அப்படி இழுத்துக் கட்டினால் கணக்கு சரியாக இருக்கும், ஆட்டம் வராது. எந்த விலகல் பிசகு, எந்த விலகல் நடை என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் ஆசிரியர் இருக்கிறார்.

தாளம் தப்புகிறது என்று மாணவரைக் கடிந்துகொள்ளும் முன் ஹெட்போனையும் பார்த்துவிட வேண்டும். ஒலி காற்றில் 10 மில்லிசெகண்டில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் போகும். அதாவது கருவியில் அவ்வளவு தாமதம் இருந்தால், பக்கத்து வாத்தியக்காரர் அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம், அதைச் சமாளித்துவிடலாம். புளூடூத் ஹெட்போனில் தாமதம் பல சமயம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும். அதை மாட்டிக்கொண்டு மிருதங்க வித்வானே வந்தாலும் தடுமாறுவார். என் வகுப்பில் வயர் வைத்த ஹெட்போன்தான்.

அடுத்தது குரல். தன் குரலை முதன்முறை பதிவில் கேட்கும் எவருக்கும் முகம் சுருங்கும். நம் குரல் நமக்குக் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறது. அதனால் உள்ளே கனமாக ஒலிக்கும். மைக்குக்கு அந்தக் கனம் தெரியாது. பாடிய கையோடு போட்டுக் காட்டினால் வெட்கம்தான் மிஞ்சும். அதனால் அடுத்த வகுப்பில்தான் போடுவேன். அதற்குள் வெட்கம் ஆறி, குறை மட்டும் காதில் விழும்.

மைக்கின் முன் நிற்பதும் ஒரு பயிற்சி. ஒரு சாண் தள்ளி நின்று பாடச் சொல்வேன். பிறகு நாலு விரற்கடை நெருங்கச் சொல்வேன். ஒரு பக்கம் மட்டும் வாங்கும் கார்டியாய்ட் மைக்கில், நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். பல்லவியில் வரும் 'ப' ஒவ்வொன்றும் குண்டுபோல வெடிக்கும். மைக்கைச் சற்றுச் சாய்த்தால் அந்தக் காற்று விலகிப் போய்விடும். மேடையில் கத்திப் பழகிய பிள்ளைகள், மெல்லப் பாடினாலும் கடைசி வரிசைவரை போய்ச் சேரும் என்பதை இங்கேதான் நம்புகிறார்கள்.

ஸ்ருதியைத் திருத்தும் 'ஆட்டோ-டியூன்' 1997-இல் வந்தது. அதை நான் ஒரே ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறேன். கமகம் நிறைந்த ஒரு வரியைப் பாடவைத்து, திருத்தத்தை உச்சத்தில் வைத்துப் போடுவேன். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து போன இடமெல்லாம் படிக்கட்டாகிவிடும். வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் மூலப் பதிவைப் போடுவேன். படிகளுக்கு நடுவே தாங்கள் பாடியது எவ்வளவு என்பது அப்போதுதான் புரியும். கமகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினாலும் இந்தத் தெளிவு வராது.

இப்போது முழுப் பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. டீசர் நிறுவனம் 2019-இல் 'ஸ்ப்ளீட்டர்' என்பதை இலவசமாகவே வெளியிட்டது. இளையராஜா பாட்டு ஒன்றின் பேஸை மட்டும் தனியே ஓடவிட்டால், அது கார்டின் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டோடு நடப்பது தெரியும். பிரித்த டிராக்கில் மற்ற வாத்தியங்களின் சிதறல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் கடைசியில் முழுப் பாட்டையும் திரும்பப் போட்டு, திரையை அணைத்துவிட்டு, பேஸை மட்டும் பின்தொடரச் சொல்வேன். அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண்தான் கேட்கும்.

பதிவுக்கு மூன்று டேக்தான் தருவேன். முதல் டேக்கின் சரணத்தையும் மூன்றாம் டேக்கின் பல்லவியையும் வெட்டி ஒட்டுவதற்கு ஆரம்ப மாதங்களில் அனுமதி இல்லை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று எழுதித்தர வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் பிசகில்லாத டேக்கைக் காட்டுவார்கள். நான் மூச்சு கொஞ்சம் இடறினாலும் சொல்லுக்கு உயிர் இருக்கிற டேக்கைக் காட்டுவேன். "சார், அதில் மேல் ஸட்ஜம் தொடவே இல்லையே" என்று மல்லுக்கு நிற்பார்கள். தொடாததுதான், நானும் கேட்டேன். இருந்தும் அந்த வாக்குவாதத்தை நான் முடித்துவைப்பதில்லை. மேல் ஸட்ஜம் தொடவில்லை என்று தன் காதை நம்பி ஆசிரியரோடு சண்டை போடும் பிள்ளைக்கு, மென்பொருள் கற்றுத்தர இனிமேல் ஒரு வாரம் போதும்.