குலம் கேட்ட கேள்வி

ராயகிரியில் நான் சிறுவனாய்ப் படித்த நாளில், ஆசிரியரொருவர் பெயரைக் கேட்குமுன் என் குலத்தைக் கேட்டார். அருகிருந்த நண்பனே முந்திச் சொல்லி நகைத்தான். அன்றுமுதல் பாரதத்துக் கர்ணன் எனக்குத் தோழன்.

பெற்றவள் அவனை ஆற்றில் விட்டாள். வில்லேந்தி அரங்கேறியபோது கிருபர் வினவியதும் குலமே! அங்கநாட்டு முடி தந்தவன் துரியோதனன் ஒருவனே. போர் மூளுமுன் குந்தி வந்து மகனென்றாள். அன்பாலா? இல்லை, ஐவர் உயிருக்கு அஞ்சி! அவன் நன்றியின் பக்கம் நின்று மாண்டான்.

பாஞ்சாலியை இகழ்ந்த அவையில் அவனும் இருந்தான், அது குற்றமே. பட்ட காயம், பிறரைப் புண்படுத்த உரிமை தராது. ஆயினும், நல்லோர் அடைத்த கதவுக்கு யார் பொறுப்பு?

எனக்கொரு படிப்பகம் கதவு திறந்தது. அவனுக்குத் திறந்தது அரவக்கொடியோன் அரண்மனை. வேறுபாடு அவ்வளவே!