விசைகள் ஏன் விலகி நிற்கின்றன?

கீபோர்டில் 2 என்ற எண்ணின் நடுவிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது டபிள்யூவைத் தொடாது. கியூவுக்கும் டபிள்யூவுக்கும் இடையே உள்ள சந்தில் இறங்கும். டபிள்யூவின் நடுவிலிருந்து இழுத்தால் எஸ்ஸின் இடப்பக்கத்தில் விழும். எஸ்ஸிலிருந்து இழுத்தால் மறுபடியும் சந்து, இம்முறை இசட்டுக்கும் எக்ஸுக்கும் நடுவே. நான்கு வரிசைகளில் ஒன்றாவது இன்னொன்றுக்கு நேர் கீழே இல்லை. ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையைவிட வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. தள்ளி நிற்கும் அளவும் ஒரே சீராக இல்லை. முதலில் அரை விசை, பிறகு கால் விசை, பிறகு மீண்டும் அரை விசை.

மூடிகள் மாட்டிய கீபோர்டில் இது கண்ணில் படாது. எனக்குப் பட்டது, சொந்தமாக ஒன்றைக் கட்டுவதற்காக வாங்கிய வெறும் பிளேட்டைக் கையில் எடுத்தபோதுதான். சுவிட்ச் உட்காருவதற்கு 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகள். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். துளைகள் மட்டும் தெரியும்போது அந்தக் கோணல் பளிச்சென்று தெரிகிறது. மெக்கானிக்கல் கீபோர்டு கட்டுகிறவர்கள் எதைத்தான் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை? செர்ரி எம்எக்ஸ் சிவப்பா கறுப்பா, அதாவது விரலுக்கு 45 கிராம் அழுத்தம் போதுமா 60 கிராம் வேண்டுமா. அழுத்தும்போது சொடுக்கு கேட்க வேண்டுமா, விரலுக்கு மட்டும் ஒரு தடங்கல் தெரிந்தால் போதுமா. மூடி ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா பிபிடியா. ஸ்பேஸ் பாரின் ஸ்டெபிலைசருக்கு எவ்வளவு கிரீஸ். சுவிட்சைப் பிரித்து, ஸ்பிரிங்கை எடுத்து, தண்டின் இரு பக்கமும் தூரிகையால் எண்ணெய் தொட்டு வைக்கும் பொறுமை உள்ளவர்கள் இவர்கள். ஆனால் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. நான் கேட்டவர்கள் எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: டைப்ரைட்டரில் அப்படி இருந்தது. டைப்ரைட்டரில் ஏன் அப்படி இருந்தது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

படிக்கத் தேடினால் எல்லாம் எழுத்துகளைப் பற்றியே இருந்தது. குவெர்ட்டி வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதற்கு எழுதப்பட்டிருப்பது ஏராளம். எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க, சேர்ந்து வரும் எழுத்துகளைப் பிரித்து வைத்தார்கள் என்பது பரவலான கதை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயிச்சி யசுவோக்கா, மோட்டோகோ யசுவோக்கா இருவரும் 2011இல் அதை மறுத்தார்கள். தந்தி பெறுகிறவர்கள் மோர்ஸ் ஒலியைக் கேட்டபடி எழுத்தாக்கியபோது எழுந்த தேவைகள்தான் வரிசையை மாற்றிக்கொண்டே போயின என்பது அவர்கள் வாதம். சுவையான வழக்கு, இன்னும் முடிந்தபாடில்லை. எனக்கு வேண்டியது வேறு. எந்த எழுத்து எந்த விசையில் என்பதை விடுங்கள், விசைகள் ஏன் இந்த இடங்களில் நிற்கின்றன?

பதில் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் இன்னும் ஓடுகின்றன. லோயர், ஹையர் தேர்வுகளுக்காகப் பிள்ளைகள் அந்த இரும்பு இயந்திரங்களில் கை பழகுகிறார்கள். இயந்திரங்கள் ஓடினால் அவற்றைப் பழுது பார்க்கிறவர்களும் இருக்கத்தானே வேண்டும்? அப்படி ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். மேசையில் ஒரு கோத்ரெஜ் இயந்திரம் பாதி பிரித்துக் கிடந்தது. என் கேள்வியை அவர் விநோதமாக நினைக்கவில்லை.

“மேலேர்ந்து பாத்தா ஒண்ணும் புரியாது தம்பி. கவுத்துப் பாருங்க” என்றார். அவரே இயந்திரத்தைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்த்து, அடியில் விளக்கைப் பிடித்தார்.

விசைகளுக்கு அடியில், முன்னிருந்து பின்னோக்கி, சீப்பின் பற்களைப் போல இரும்புப் பட்டைகள் நெருக்கமாக ஓடின. ஒவ்வொரு விசைக்கும் ஒரு நெம்புகோல். முன் வரிசையில் இருக்கும் எக்ஸின் நெம்புகோல் பின்னால் உள்ள எழுத்துக் கம்பியைப் போய்ச் சேர வேண்டுமானால், எஸ் வரிசையையும் டபிள்யூ வரிசையையும் எண்களின் வரிசையையும் கடந்தாக வேண்டும். அவற்றின் நெம்புகோல்களும் அதே மட்டத்தில் ஓடுகின்றன. எக்ஸ் நேராக எஸ்ஸுக்குக் கீழே இருந்திருந்தால் அதன் பட்டை எஸ்ஸின் பட்டையில் போய் முட்டியிருக்கும். ஆகவே ஒரு விசையின் அகலத்துக்குள் நான்கு பட்டைகள், வரிசைக்கு ஒன்றாக, அருகருகே போக இடம் வேண்டும்.

அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 2 என்ற எண்ணின் இடத்தைச் சுழியம் என்று கொண்டால் டபிள்யூ அரை, எஸ் முக்கால், எக்ஸ் ஒன்றேகால். முழு விசையைக் கழித்துவிட்டால் எக்ஸுக்கு மிஞ்சுவது கால். சுழியம், கால், அரை, முக்கால்: நான்கு பட்டைகளும் சம இடைவெளியில் வந்து விழுகின்றன. 19.05ஐ நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 4.76 மில்லிமீட்டர், ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். மேலே கோணலாகத் தெரிந்த அரை, கால், அரை என்ற அளவுகள் அடியில் அச்சுப் பிசகாத ஒழுங்காக இருந்தன. விரலைப் பற்றி அதில் எந்த யோசனையும் இல்லை. முழுக்க முழுக்கப் பட்டைகளுக்கான இட ஒதுக்கீடு. இவ்வளவு அழகான விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பட்டைகளின் வழியே பின்னோக்கிப் போனால் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் வருகிறது. அங்கே ஒரு இயந்திரப் பட்டறையில் பத்திரிகையாளரான கிறிஸ்டஃபர் லேத்தம் ஷோல்ஸ், கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூல் மூவரும் செய்த கருவிக்கு 1868 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. அதன் விசைகள் பியானோவின் கட்டைகளைப் போல இருந்தன. நாலு வரிசையும் கிடையாது, இந்தக் கோணலும் கிடையாது. பிறகு ஷோல்ஸ் அதை மாற்றி மாற்றிக் கட்டினார். 1873இல் துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 1874இல் விற்பனைக்கு வந்த ஷோல்ஸ்–கிளிடன் இயந்திரத்தில் வட்ட மூடிகள் நான்கு வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. நாம் இன்று விரல் வைக்கும் இடங்களின் மூதாதை அதுதான்.

பட்டைகள் எப்போது போயின? ஐபிஎம்மின் செலக்ட்ரிக் 1961இல் வந்தபோது எழுத்துக் கம்பிகள் ஒழிந்தன. சுழலும் ஓர் உருண்டையில் எல்லா எழுத்தும் ஏறிக்கொண்டன. ஆனால் விசைக்கு அடியில் நெம்புகோல்கள் இருக்கவே செய்தன. 1981இல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரோடு கொடுத்த மாடல் எஃப் கீபோர்டில் அவை இல்லை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். அழுத்தினால் ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் மடங்கிச் சொடுக்கும். அதே பத்தாண்டின் முற்பாதியில் செர்ரியின் எம்எக்ஸ் சுவிட்சும் வந்தது: நான்கு மில்லிமீட்டர் இறங்கும் தண்டு, இரண்டு மில்லிமீட்டரில் தொட்டுக்கொள்ளும் உலோக இதழ்கள், வெளியே இரண்டு கால்கள். இந்தச் சிறு பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பின்னால் ஓடிப் போய் எதையும் தள்ள வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. கீபோர்டின் உள்ளே மின்சுற்று ஏற்கெனவே நேர் கட்டமாகத்தான் இருக்கிறது. உள்ளே உள்ள சில்லு, வரிசை வரிசையாகத் துடிப்பு அனுப்பி, எந்தப் பத்தியில் திரும்பி வருகிறது என்று நொடிக்குப் பலநூறு முறை பார்க்கிறது. வரிசையும் பத்தியும் வெட்டும் இடம்தான் நாம் அழுத்திய விசை. சுற்று நேராக இருக்க, மூடிகளை மட்டும் மெனக்கெட்டுச் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தவர்கள் தட்டச்சு பழகியவர்கள். அவர்கள் கையை மறுபடி பழக்க எந்த அலுவலகமும் தயாராக இல்லை.

சீர்திருத்தம் செய்யக் கிளம்பியவர்களும் எழுத்துகளை மாற்றினார்களே ஒழிய இடங்களைத் தொடவில்லை. 1936இல் காப்புரிமை பெற்ற ஆகஸ்ட் டுவோரக்கும் அவர் மைத்துனர் வில்லியம் டீலியும் ஆங்கில எழுத்துகளை அடியோடு கலைத்து அடுக்கினார்கள். அதே சாய்ந்த விசைகளின் மேல். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை வடிவமைத்தபோது, வண்டி நகராமல் புள்ளி விழச் செய்யும் விசை போன்ற அருமையான தீர்வுகளைக் கண்டார். அவரும் இந்த நெம்புகோல்களுக்குக் கட்டுப்பட்டவர், வேறு வழி இருந்திருக்காது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 வரிசைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் கீபோர்டில் ஓட வேண்டியிருந்தது.

விசைகளின் இடத்தையே கேள்வி கேட்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் லிலியன் மால்ட். இங்கிலாந்தில் தட்டச்சுப் பயிற்சி அளித்தவர். 1970களில் ஸ்டீவன் ஹாப்டே என்ற பொறியாளரோடு சேர்ந்து மால்ட்ரான் கீபோர்டை உருவாக்கினார். இரு கைக்கும் தனித்தனிக் குழிவுகள், விரலுக்கு ஒரு பத்தி, கட்டைவிரலுக்கு ஒரு கொத்து விசைகள். பிற்காலத்தில் பொழுதுபோக்காகக் கட்டியவர்கள் வடிவமைத்த எர்கோடாக்ஸ், நாலுக்குப் பன்னிரண்டு கட்டமாக ஜாக் ஹம்பர்ட் செய்த பிளாங்க் எல்லாம் அந்தக் கேள்வியின் வாரிசுகள்தாம்.

இந்தச் சாய்வு இரு கைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. வலக்கை உடம்பின் வலப்புறமிருந்து வருவதால் விரல்கள் இயல்பாகவே இடது மேல் பக்கம் நீளும். விசைகளும் அதே பக்கம் ஏறுகின்றன. இடக்கையின் விரல்கள் வலது மேல் பக்கம் நீள விரும்பும். விசைகளோ அங்கேயும் இடது மேல் பக்கமே போகின்றன. ஒவ்வொரு முறை மேல் வரிசைக்குப் போகும்போதும் இடக்கை தன் போக்குக்கு எதிராகத் திரும்புகிறது.

தமிழ்99இல் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கையில்தான் இருக்கின்றன.

நடு வரிசையில் அ, இ, உ, ஃ, எ. அவற்றின் மேல் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. குறிலும் நெடிலும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே விரலுக்கு. தமிழின் ஒலி ஒழுங்கைக் கையில் கொண்டுவந்து வைத்த அமைப்பு இது. பல ஆண்டுகளாக அதில் எழுதுகிறவன் என்ற முறையில் அதன்மேல் எனக்கு உள்ள மரியாதை மிகப் பெரியது. ஆனால் சாய்ந்த பலகையில் ஆ என்பது அவுக்கு நேர் மேலே இல்லை, கால் விசை இடப்பக்கம் விலகியிருக்கிறது. வா, நா, கா, மா என்று எதை எழுதினாலும் இடச் சுண்டுவிரல் மேலேயும் வெளிப்பக்கமும் சேர்ந்து போக வேண்டும். தமிழில் ஆகாரம் எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1870களில் மில்வாக்கியில் பட்டைகளுக்கு இடம் ஒதுக்கிய அந்தக் கணக்கு, இன்று தமிழ் எழுதுகிறவரின் சுண்டுவிரலில் வந்து முடிகிறது.

கையில் இருந்த பிளேட்டை எடுத்து வைத்துவிட்டு, நாலு வரிசை பன்னிரண்டு பத்தி கொண்ட நேர் பலகை ஒன்றைக் கட்டினேன். சுவிட்ச் சிவப்பு, நெடுநேரம் எழுதுகிறவருக்கு 45 கிராம் போதும் என்பது என் முடிவு. மூடிகள் வாங்கும்போது கவனம் தேவை. வழக்கமான தொகுப்புகளில் வரிசைக்கு ஒரு சரிவு இருக்கும். நேர் பலகைக்கு எல்லா வரிசையும் ஒரே உயரத்தில் உள்ள டிஎஸ்ஏ வகை பொருந்துகிறது, இடம் மாற்றி மாட்டிப் பார்க்கவும் வசதி. எண்களுக்குத் தனி வரிசை கிடையாது; கட்டைவிரலால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் மேல் வரிசை எண்களாகும். க்யூஎம்கே என்ற திறந்த மென்பொருள் இதையெல்லாம் பலகையின் சில்லுக்குள்ளேயே எழுதி வைக்க விடுகிறது.

அ–ஆ, இ–ஈ, உ–ஊ, எ–ஏ நான்கு ஜோடிகளும் இப்போது உண்மையாகவே நேர் கோட்டில் நிற்கின்றன. விரல் மடங்கி நீள்கிறது, அவ்வளவுதான், மணிக்கட்டு அசைவதில்லை. கீழ் வரிசை பழகத்தான் நாளானது, அங்கே விலகல் அரை விசை அல்லவா? ஒவும் ஓவும் பழைய இடத்திலிருந்து இடப்பக்கம் நகர்ந்து இப்போது உ, இ இரண்டுக்கும் நேர் கீழே வந்துவிட்டன. இந்த ஜோடி மட்டும் தமிழ்99இல் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கத்தில் பக்கமாக இருப்பதால், அதற்கு நேர் பலகையால் எந்த லாபமும் இல்லை. மடிக்கணினியில் எழுதும்போது கை பழையபடி சாய்வுக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டும் கையில் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன.

நேர் கட்டத்திலும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. விரல்கள் ஒரே நீளமில்லை. சுண்டுவிரல் குட்டை, ஆவுக்கு அது இன்னும் எட்டித்தான் போகிறது. எர்கோடாக்ஸ் போன்ற பலகைகளில் பத்திகளை விரல் நீளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்த்தியிருப்பது இதற்காகத்தான். இப்போது வரைந்துகொண்டிருக்கும் பிளேட்டில் அ, ஆ நிற்கும் பத்தியை மட்டும் கீழே இறக்கியிருக்கிறேன். எவ்வளவு இறக்குவது என்பதை என் ஒரு கையை மட்டும் வைத்து முடிவு செய்வதாக இல்லை. தமிழ்99இல் எழுதுகிற நண்பர்கள் சிலரைத் தாளில் கை பதித்துத் தரக் கேட்டிருக்கிறேன். அவை வந்த பிறகுதான் வெட்டக் கொடுக்க வேண்டும்.