பழையது எங்கே?

காலம் பொன் போன்றது என்பார்கள். அந்தக் காலத்தையே மறந்துவிட்ட கணினியை நீங்கள் பார்த்ததுண்டா? நாங்கள் பார்த்தோம்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். மே மாதம் முழுவதும் மின்சாரமின்றி உறங்கிக் கிடந்த கணினி அறைச் சர்வரை இயக்கினோம். தேதி 2008 ஜனவரி 1 என்று காட்டியது! அன்று நாங்கள் சேமித்த பயிற்சிகள், நாங்கள் பிறப்பதற்கு முன்பே எழுதியவையாகப் பதிவாயின. வகுப்பே சிரித்தது.

சிஸ்டர் காரணத்தை விளக்கினார்கள். சர்வருக்குள் ஒரு சின்னஞ்சிறு கடிகாரம் உண்டு. அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. மின்சாரம் இல்லாத வேளையில் அதை ஓட வைப்பது ஒரு பட்டன் பேட்டரி. பெயர் சி.ஆர்.2032. பெயரிலேயே அளவும் இருக்கிறது: குறுக்களவு 20 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ. மூன்று வோல்ட் தரும் இந்த லித்தியம் பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்ய முடியாது. எங்கள் சர்வரில் இருந்தது தீர்ந்துபோயிருந்தது.

"நாங்களே மாற்றட்டுமா, சிஸ்டர்?" என்று கேட்டோம். நால்வருக்கு அனுமதி கிடைத்தது. சிஸ்டர் அருகில் நின்று கையேட்டை வாசிக்க, நாங்கள் செய்தோம். முதலில் கோப்புகளுக்கு நகல் எடுத்தோம். அமைப்பு விவரங்களை நோட்டில் குறித்துக்கொண்டோம். சர்வரை முறைப்படி நிறுத்தினோம். அதற்கு இரண்டு மின்கம்பிகள். ஒன்றை மட்டும் பிடுங்கினால் மற்றொன்றில் மின்சாரம் வரும் என்பதால் இரண்டையும் கழற்றினோம். உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிய, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தோம். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடும் அல்லவா? ஆகவே மணிக்கட்டில் அதற்குரிய பட்டையைக் கட்டிக்கொண்டோம்.

திருப்புளியால் நெம்பிவிடலாம் என்று அவசரப்பட்டாள் ஒருத்தி. "வேண்டாம், பலகையைக் கீறிவிடும்" என்று சிஸ்டர் தடுத்தார்கள். பக்கத்திலிருந்த சிறு கொக்கியை விரலால் தள்ளியதும் பேட்டரி துள்ளி வெளியே வந்தது. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி பொருத்தினோம். மூடி, இயக்கி, சரியான தேதியைப் பதித்தோம். மீண்டும் மின்கம்பிகளைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டிப் பார்த்தோம். தேதி மாறவில்லை! கைதட்டி மகிழ்ந்தோம்.

அப்போது சிஸ்டர் கேட்டார்கள்: "பழையது எங்கே?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேசையில் இல்லை, தரையிலும் இல்லை. கதவுக்கு வெளியே வராந்தா. அங்கேதான் எல்.கே.ஜி. குழந்தைகள் அம்மாக்களுக்காகக் காத்திருப்பார்கள். ஓடினோம். தூணருகே ஒரு குழந்தை உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அக்கா, காசு!"

வாங்கிக்கொண்டபோது எங்கள் கைகள் நடுங்கின. சிஸ்டர் சொன்ன பிறகே முழு ஆபத்தும் விளங்கியது. தீர்ந்துபோன பேட்டரியிலும் சிறிதளவு மின்சாரம் எஞ்சியிருக்கும். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக் கூடும். ஈரம் பட்டதும் மின்னோட்டம் பாய்ந்து, அவ்விடத்தில் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துவிடக் கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலும் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அன்று மாலை பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்துப் பூட்டினோம். பின்னர் அது மின்கழிவு சேகரிப்பவரிடம் போய்ச் சேர்ந்தது. புதியதைக் கையில் எடுக்கும் முன்பே பழையதற்கு டப்பாவைத் திறந்து வைப்பது இப்போது எங்கள் கணினி அறையின் விதி.

அன்புத் தங்கையரே, பெற்றோரே! கைக்கடிகாரம், கார்ச் சாவி, எடை பார்க்கும் கருவி, விளையாட்டுப் பொம்மை எனப் பட்டன் பேட்டரி இல்லாத வீடு இன்று அரிது. புதியதைச் சரியாகப் பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: பழையது எங்கே?