தாய்க்கு இரண்டு பெயர்

கல்வி மாநாடொன்றின் பொருட்டுக் கியூபாவின் தலைநகராம் ஹவானாவுக்குச் செல்லும் வாய்ப்பு எமக்கு ஒருமுறை கிடைத்தது. மாநாடு முடிந்த மறுநாள், துறைமுகத்தின் அக்கரையிலுள்ள றெக்லா என்னும் ஊருக்குப் படகேறினோம். கரையை அடுத்தே மாதா கோவில். பீடத்திலே கருநிற மாதா. கையிலே வெண்ணிறக் குழந்தை. நீலமும் வெள்ளையும் உடுத்த மூதாட்டி ஒருவர் முழந்தாளிட்டு வணங்கினார்; பின்னர் வெளியே வந்து, கடலை நோக்கி நின்று மீண்டும் வணங்கினார். உடன் வந்த கியூப ஆசிரியரிடம் காரணம் வினவினோம்.

"உள்ளே இருப்பவளும் யெமாயா, வெளியே இருப்பவளும் யெமாயாவே" என்றார் அவர்.

மீன்களைப் பிள்ளைகளாக உடைய தாய் என்பது அப்பெயரின் பொருள். மேற்கு ஆபிரிக்காவின் யொருபா மக்களுடைய தெய்வம் அவள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓயோ அரசு சரிந்தபோது சிறைப்பட்ட யொருபா மக்கள், ஆயிரமாயிரமாகக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்கப்பட்டனர். 1886இலேதான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. ஞானஸ்நானம் பெறுதல் கட்டாயமாயிருந்த அக்காலத்தில், ஒரிஷாக்கள் எனப்படும் தம் தெய்வங்களை அவர்கள் கைவிட்டாரல்லர். இடிக்குரிய சாங்கோவைப் புனித பார்பராவிலும், நோய்க்குரிய பபலு ஆயேயை ஊன்றுகோலேந்திய லாசரசிலும் கண்டனர். இந்நெறிக்குச் சந்தேரியா என்று பெயர். இஃது எசமானரை ஏய்க்கச் செய்த மறைப்பு என்றே யாம் எண்ணியிருந்தோம். மூதாட்டியோ இருமுறையும் ஒரே அன்போடுதான் கும்பிட்டார்.

அவர் எம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். நீல நிறப் பீங்கான் பாத்திரமொன்று மூடியோடு வீற்றிருந்தது. உள்ளே தெய்வம் உறையும் கற்கள் உள்ளனவாம். தீட்சை பெறாதார் காணலாகாதாம். கருவறைக்கு வெளியே நின்று பழகிய எமக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

ஆனால் எமது நெஞ்சை உறுத்தியது வேறொன்று. எமது தாயார் செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தி வருவார். யாம் பட்டம் பெற்று வந்த புதிதில், "சைவப் பெண் இப்படிச் செய்யலாமா அம்மா? கொள்கை ஒன்று வேண்டாமா?" என்று கடிந்தோம். (படித்த படிப்பு அவ்வளவு!) "சரி தம்பி, இனிப் போகேல்லை" என்றார், போகவுமில்லை. வாதில் வென்றதாக மகிழ்ந்தோம். எமக்கு ஐந்து வயதில் வந்த கடுங்காய்ச்சலுக்காக அவர் வைத்த நேர்த்தி அது என்பதை, அவர் இறந்தபின் சின்னம்மா சொல்லியே அறிந்தோம்.

இதனை மூதாட்டியிடம் ஏன் சொன்னோம் என்று தெரியவில்லை. ஆசிரியர் மொழிபெயர்த்து முடித்ததும், தாயாரின் பெயரைக் கேட்டார். மும்முறை சொல்லிப் பழகிக்கொண்டார். பின் எம்மைக் கரைக்கு அழைத்துச் சென்று, அப்பெயரைக் கூறி, கரும்புப் பாகு சிறிது கடலில் வார்த்தார்.

கொழும்புக்குத் திரும்பிய முதற் செவ்வாய்க்கிழமை, மெழுகுதிரி ஒன்று வாங்கிக்கொண்டு கொச்சிக்கடைக்குச் சென்றோம்.