அடியில் ஒட்டிய கடல்

திருப்பதி என்றால் மலைதான். கடலை யாரும் நினைப்பதில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் ஆந்திரா மாவட்டங்களைப் பிரித்தபோது, பழைய சித்தூரின் ஒரு பகுதியோடு நெல்லூரின் சூளூர்ப்பேட்டை வட்டாரமும் சேர்ந்து புதிய திருப்பதி மாவட்டமானது. கூடவே பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் வந்தது. சில்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உப்புநீர் ஏரி இது.

தடா பக்கம் பீமுலவாரிபாளையம். இருக்கம் தீவுக்குப் படகுகள் கிளம்பும் துறை. கரையில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குகின்றன. இங்கெல்லாம் படகின் பரம எதிரி கொட்டலசு. சுண்ணாம்புக் கூம்பு போல அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்ளும்; பார்த்தால் சிப்பி இனம். உண்மையில் இறால், நண்டுக்குச் சொந்தம். குஞ்சாக நீந்தித் திரிந்துவிட்டு, இடம் பிடித்ததும் தலைகீழாகப் பசை போட்டு ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஆயுள் முழுக்க அங்கேயே. இந்த ஜீவனைப் புரிந்துகொள்ள டார்வினுக்கே எட்டு வருடம் ஆனது.

ஒட்டிவிட்டால் படகு கனக்கும், வேகம் குறையும், டீசல் கூடுதலாக எரியும். எனவே கரையேற்றிக் கவிழ்த்து, ஈரம் காய்வதற்குள் சுரண்ட வேண்டும்; காய்ந்தால் கல்தான். விளிம்பு கையைக் கிழிக்கும். மரப் படகென்றால் ஓலைத் தீயில் வாட்டி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். ஃபைபர் படகுக்குத் தீ ஆகாது. அழுத்திச் சுரண்டினால் மேல்பூச்சும் பெயர்ந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளை வளையங்கள் மிஞ்சும். அடுத்த கூட்டம் தேடி வந்து உட்காருவதும் அவற்றின் பக்கத்தில்தான். விஷப் பெயின்ட் அடிக்கலாமே என்றால், கப்பல்களுக்குப் பூசிய தகர ரசாயனம் நத்தைகளின் பால்தன்மையையே மாற்றியதால் 2008 முதல் உலக அளவில் தடை.

எதிரிதான் என்றாலும் கொட்டலசுக்கு உப்பு வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் காளங்கி, ஆரணி ஆறுகளின் நன்னீர் நிறையும்போது அதன் கொட்டம் அடங்கும். கடல்நீர் வரும் முகத்துவாரங்களில் மணல் மேடிடுகிறது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குப் போகும் சாலையும் ஏரியைக் குறுக்கே பிரித்துவிட்டது. முகத்துவாரம் அடைபட்டால் கொட்டலசின் குஞ்சு மட்டுமல்ல, கடலில் பிறந்து ஏரிக்கு வளர வரும் இறால் குஞ்சும் வெளியே நின்றுவிடும். சுரண்டும் வேலை மிச்சமாகிற வருடத்தில் வலையும் காலியாக வரலாம் என்பது இந்தக் கரையின் கவலை. கோடையிலோ பல இடங்களில் தண்ணீர் முழங்காலளவு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றித்தான் தள்ள வேண்டும்.