அரைக்கண் தூக்கம்

என் மனைவியின் செல்போனில் என் படம் ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டரை மணிக்கு, நான் தூங்கும்போது டார்ச் அடித்து எடுத்தது. வாய் கொஞ்சம் பிளந்திருக்கிறது, அதை விடுங்கள். மேலிமைக்கும் கீழிமைக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கருவிழியைக் காணோம், வெறும் வெள்ளை முழி. பார்த்ததும் எனக்கே பக்கென்றது.

"முப்பத்திரண்டு வருஷமா இதைப் பாத்துக்கிட்டா பக்கத்துல படுத்திருந்த?"

"பழகிப்போச்சுங்க" என்றாள்.

படம் எடுத்துவரச் சொன்னவர் கண் டாக்டரம்மா. அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததே ஒரு கதை. மகன் வயிற்றுப் பேத்தியை மொட்டை போட்டுக் காது குத்த மதுரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஏழு மாதக் குழந்தை. மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது கையை வீசினாள், நகம் என் வலது கண்ணில் பட்டுவிட்டது. குழந்தை நகம் பார்க்க வெங்காயத் தோல் மாதிரிதான் இருக்கும். அறுத்தால் பிளேடுதான். தாய்ப்பால் இரண்டு சொட்டு விடச் சொன்னார் பக்கத்து வீட்டு அம்மா. மருமகளிடம் போய் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் கண்ணீர் வடிந்தது, நின்றது, மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்து கண்ணைத் திறந்தேன். முடி நிறைந்த கையில் ஒட்டிய பிளாஸ்திரியைச் சரக்கென்று பிடுங்கினால் எப்படி இருக்கும்? அந்த வலி, கண்ணுக்குள். தலையணை நனைகிற அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. ஒன்பது மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி. அப்புறம் நாலு நாளில் ஒரு தடவை. எல்லாமே கண் விழிக்கிற அந்த ஒரு நொடியில். பகலெல்லாம் காணாமல் போய்விடுகிற வலியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? நான் புரூப் பார்க்கும் அச்சகத்தில் என் சிவந்த கண்ணைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சந்தேகப்பட்டார்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவர் கண்புரை ஆபரேஷனுக்கு வந்து தங்கியபோது விட்டுப்போன சொட்டு மருந்து ஃபிரிட்ஜ் கதவில் கிடந்தது. கண்ணுக்கு மருந்துதானே என்று எடுத்து விட்டுக்கொண்டேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் குடியிருந்துகொண்டு, கண்ணுக்கு மருந்தை ஃபிரிட்ஜில் தேடியவன் நான். பின்னால் டாக்டரம்மா அந்தப் பாட்டிலை வாங்கி, பெயரைப் படித்து, ஒன்றும் பேசாமல் குப்பைக் கூடையில் போட்டார். ஸ்டீராய்டு மருந்தாம். கண்காணிப்பு இல்லாமல் விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறும், புண் ஆறுவது தள்ளிப்போகும். திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்தைப் பொதுவாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒருவழியாக டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். கருவியில் தாடையை வைக்கச் சொன்னார். மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றைக் கண்ணோரம் தொட்டு, நீல வெளிச்சம் போட்டார். திரையில் என் கருவிழி வாசல் அளவுக்குத் தெரிந்தது. அதன் கீழ்ப்பாதியில், மினுமினுவென்று பச்சையாக ஒரு தீவு.

"இதுதான் தோல் பிஞ்ச இடம் சார். கருவிழிக்கு மேல இருக்கிற தோல் மொத்தமே ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்குதான். நகம் பட்ட இடத்துல புதுத் தோல் வளந்துருச்சு, ஆனா அடியில பசை பிடிக்கலை. ராத்திரி ஒட்டின போஸ்டரை விடியுறதுக்குள்ள கிழிச்சா சுருட்டிக்கிட்டு வரும்ல? அதான். தூங்கும்போது கண்ணுல தண்ணி ஊறுறது குறைஞ்சுரும். காஞ்ச இமை அந்தத் தோல்ல ஒட்டிக்குது. நீங்க பட்டுனு கண்ணைத் திறந்தா கூடவே பிச்சுக்கிட்டு வருது."

மதுரைக்காரருக்குப் போஸ்டரை வைத்துச் சொன்னால் விளங்காமல் போகுமா?

அப்புறம் ஒரு சோதனை. கீழிமைக்குள் ஒரு காகிதக் கீற்றின் நுனியை மடித்துச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியர் 1903-இல் சொன்ன முறை, இன்றைக்கும் அதுவேதான். பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கவலையில்லை. எனக்கு ஆறோடு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடமாக புரூப் பார்த்த கண். ஒற்றும் சந்தியும் துரத்திக்கொண்டே இமைக்க மறந்த கண். வாசிக்கும்போது மனிதன் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இமைக்கிறான். இமைக்காவிட்டால் இமையோரத்துச் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் வராது. பாலுக்கு ஆடை மாதிரி அந்த எண்ணெய் கண்ணீருக்கு மேல் படர்ந்து நின்றால்தான் கண்ணீர் ஆவியாகாமல் இருக்கும். எண்ணெய் கட்டிப்போனால் கை பொறுக்கிற வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். அம்மா அந்த இடத்தில் நந்தியாவட்டைப் பூவை வைப்பாள். குளிர்ச்சியாக இருக்கும், மூடிய இமைமேல் வைக்கிறவரை தப்பில்லை. சாறு பிழிந்து உள்ளே விடுகிறவர்களைப் பார்த்தால்தான் இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது. "தூங்கும்போது கண் முழுசா மூடுதா?" என்று என்னிடம் கேட்டார். தூங்குகிறவனிடம் கேட்டால்? மனைவி பக்கம் திரும்பினார். அவள் சிரித்துவிட்டாள். படம் எடுத்துவரச் சொன்னது அப்போதுதான்.

சின்ன வயதில் அப்பத்தா சொல்வாள், "இவன் முழிச்சுக்கிட்டே தூங்குறவன், இவன் முன்னாடி எதையும் பேசாதீங்கடி" என்று. நம்மிடம் கோழித்தூக்கம் உண்டு. கிரேக்கர்கள் முயலைப் பார்த்திருக்கிறார்கள். முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்று நம்பியதால், இமை மூடாத இந்தக் கோளாறுக்கு லாகாஃப்தால்மஸ், முயல்கண், என்று பெயர் வந்துவிட்டது. படத்தில் வெள்ளை மட்டும் தெரிந்ததே, அது நல்லதாம். இமை மூடப்போகும்போது விழி தானாக மேலே உருண்டு ஒளிந்துகொள்ளும். ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் கவனித்துச் சொன்ன விஷயம். டாக்டரம்மா என் இமைகளை விரலால் பிடித்துக்கொண்டு, "இப்ப கண்ணை மூடப் பாருங்க" என்று சோதித்தார். வலது விழி உருண்டது, ஆனால் பாதியில் நின்றது. கருவிழியின் கீழ் விளிம்பு ராத்திரியில் அவ்வப்போது வெளியே வந்து காய்கிறது. நகம் கீறியதும் அதே கீழ்ப்பாதியில்.

கண்ணை இமை காப்பதுபோல என்று எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பேன், எத்தனை பக்கத்தில் அதற்குப் பிழை திருத்தியிருப்பேன். என் விஷயத்தில் காவல்காரனே கதவைச் சரியாகச் சாத்தவில்லை, சாத்திய இடத்திலும் விடியற்காலையில் சட்டையைப் பிடித்துக் கிழிக்கிறான். இத்தனைக்கும் கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. பகலில் காற்றிலிருந்து மூச்சு வாங்கும், ராத்திரியில் மூடிய இமையின் உள்பக்கத்து ரத்தக்குழாய்கள்தாம் அதற்கு மூச்சு. இமைக்காதவர்கள் என்பதால் தேவர்களுக்கு இமையவர் என்று பெயர். சுயம்வரத்தில் தேவர்களும் நளன் முகத்தோடு வந்து நின்றபோது, இமைக்கிறவன்தான் மனிதன் என்று தமயந்தி கண்டுபிடித்தாள். எங்கள் ஊர்க்காரி மீனாட்சி இமையில்லாத மீன் கண்ணால் உலகத்தைக் காக்கிறாள் என்பார்கள். அவர்களுக்கு அது சரி, சீலிங் ஃபேன் கிடையாது.

எங்கள் வீட்டில் உண்டு. 48 அங்குலம், என் மூக்குக்கு நேர் மேலே. மே மாத மதுரையில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் விவாகரத்துதான். கட்டிலைத் திருப்பிப் போட்டால் காற்று காலுக்குப் போய்விடும், ஆனால் தலை வடக்கே வரும். "உங்க கண்ணுக்காக நான் எமன் பக்கம் தலை வைக்க மாட்டேன்" என்றாள். எமன் திசை தெற்கு என்று திருத்தினேன். பிழை திருத்துவதற்கும் நேரம் காலம் பார்க்க வேண்டும். கடைசியில் கட்டிலை நாலடி சுவரோரம் தள்ளினோம். காற்று இப்போது முழங்காலுக்கு மேல். மகன் வீட்டு ஏசி இதைவிட மோசம். அறைக் காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, காய்ந்த காற்றை நேரே முகத்தில் ஊதும். அங்கே போனால் முதல் வேலை, அதன் தகட்டை மேலே தூக்கிவிடுவதுதான்.

மகள் வயிற்றுப் பேரனின் நீச்சல் கண்ணாடியையும் ஒருநாள் மாட்டிக்கொண்டு படுத்தேன். உள்ளே ஈரம் நின்றது உண்மை. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி இரண்டு பள்ளம், மத்தியானம்வரை ஆந்தை. தூங்குவதற்கென்றே மெத்தென்று விளிம்பு வைத்த கண்ணாடிகள் உண்டாம். நான் வாங்கவில்லை.

எனக்குக் கைகொடுத்தது களிம்பு. படுக்கப்போகும்போது கீழிமையை இழுத்து அரிசி நீளத்துக்கு ஒரு இழை. போட்டபிறகு உலகம் எண்ணெய்த்தாள் வழியாகத்தான் தெரியும். படுத்துக்கொண்டு படிக்கிற நாற்பது வருடப் பழக்கம் அதோடு போயிற்று, அந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "வலி இல்லைன்னாலும் மூணு மாசம் நிறுத்தாதீங்க" என்றிருந்தார் டாக்டரம்மா. ஆறாவது வாரமே சரியாகிவிட்டது என்று நிறுத்தினேன். ஒன்பதாவது நாள் விடியற்காலை பதில் வந்தது.

களிம்புக்கு மேல் ஒரு டேப். காகிதம் மாதிரி மெல்லிசான மருத்துவ டேப், மேலிமையிலிருந்து கன்னத்துக்குச் சாய்வாக. எண்ணெய்ப் பசையைத் துடைக்காமல் ஒட்டினால் நிற்காது. உள்ளே இமை திறந்துகொண்டால் டேப்பே கருவிழியைத் தேய்த்துவிடும் என்பதால், நர்ஸ் என் கையாலேயே நாலு தடவை ஒட்ட வைத்துப் பார்த்தபிறகுதான் அனுப்பினார்.

அந்த டேப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அம்மா கடைசியில் ஒன்பது நாள் ஐசியுவில் நினைவில்லாமல் கிடந்தபோது. ஒரு கேரள நர்ஸ் வேளை தவறாமல் வந்து, அம்மாவின் இமையைப் பிரித்துக் களிம்பு தடவி, விரல் நுனியால் மூடி, டேப் ஒட்டிவிட்டுப் போவார். நம்மிடம் கண்ணை மூடுவதென்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவளுக்கு அதற்குள் கண்ணை மூடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம். வாய்விட்டே கேட்டுவிட்டேன். "திறந்து கிடந்தா கண்ணு காஞ்சு புண்ணாயிடும் சார். அம்மா எந்திரிச்சா பாக்கணும்ல" என்றார் அந்தப் பெண். அம்மா எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும், அம்மா கண் விழித்துப் பார்க்கப்போகிறாள் என்ற கணக்கில் ஒருத்தி வேலை செய்துகொண்டிருந்தாள். நான் அப்படி நினைப்பதை மூன்றாவது நாளே விட்டிருந்தேன்.

இப்போது விடியற்காலையில் விழிப்பு வந்ததும் நான் கண்ணைத் திறப்பதில்லை. டேப்பைத் தடவி எடுத்துவிட்டு, மூடிய இமைக்குள்ளேயே விழியை மெல்ல இடமும் வலமும் உருட்டுகிறேன். தலையணைக்குப் பக்கத்தில் பாட்டில் எங்கே என்று கைக்குத் தெரியும். மூக்கோரத்து மூலையில் ஒரு சொட்டு. அது இமை இடுக்கில் தானாக ஊறி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் இருக்கும். எதிர்வீட்டு மோட்டார் ஓடுகிறதா, பால் வந்துவிட்டதா, மனைவி எழுந்துவிட்டாளா என்பதெல்லாம் காதில் விழும். பிறகு, கிழிந்த பழைய புத்தகத்தின் ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. எட்டு மாதமாக வலி வரவில்லை.

போன வாரம் பேப்பர் பையன் மாதக் காசுக்காக ஆறு மணிக்கே பெல் அடித்தான். அவசரத்தில், வலது கண்ணில் டேப்போடு, ஒற்றைக் கண்ணால் கதவைத் திறந்துவிட்டேன்.

"என்ன சார், கண்ணு ஆபரேஷனா?"

"இல்லப்பா, தூங்குறதுக்கு."

என்னை ஒரு தடவை, உள்ளே நின்ற என் மனைவியை ஒரு தடவை பார்த்தான். மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குவதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான்.