வழுதலங்காய்

கத்தரிக்காயா, கத்திரிக்காயா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வழக்கில் உள்ளவைதான். அவற்றைவிடப் பழைய பேர் ஒன்று இருக்கிறது: வழுதுணங்காய். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் இந்தப் பேர் வருகிறது. மலையாளத்தில் இன்றும் வழுதனங்ஙா என்பார்கள். நாகர்கோவில் பக்கம் வழுதலங்காய். என் மனைவி அந்த ஊர்க்காரி.

கல்யாணமான புதிதில் சென்னை மார்க்கெட்டில் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டாள். கடைக்காரர் விழித்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மறுவாரமே கத்தரிக்காய் என்று சொல்லப் பழகிக்கொண்டாள். பிறகு, ஊரிலிருந்த அக்காவிடம் போனில் பேசும்போது மட்டும் பழைய பேர் வரும். போன வருடம் அக்கா காலமானார். அதன் பின் வீட்டில் அந்தச் சொல்லையே கேட்கவில்லை.

பேரன் பிரிஞ்சால் என்கிறான். அதன் கதையும் சுவாரசியம்தான். வடமொழிப் பேர் ஒன்று பாரசீகம், அரபு வழியாகப் போர்ச்சுகல் போய், அங்கே பெரிஞ்செலா ஆகி, கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பி வந்து பிரிஞ்சால் ஆனது. உலகம் சுற்றிய பேர் பிழைத்துக்கொண்டது. வீட்டோடு இருந்த பேர்தான் மறைகிறது.

மாடியில் இரண்டு தொட்டிகளில் கத்தரிச்செடி வைத்திருக்கிறோம். குருத்து வாடினால் உள்ளே புழு இருக்கும், கிள்ளி எறிய வேண்டும் என்று பேரனுக்குக் காட்டினேன். ஊதாப் பூவைப் பார்த்து, “இது என்ன செடி, தாத்தா?” என்றான். வழுதலங்காய் என்று சொல்லிக்கொடுத்தேன். அடுப்படியிலிருந்து இவள் எட்டிப் பார்த்தாள்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர்? எழுதுங்கள்.